டுஷேன் தசைச்சிதைவும் மரபணு சிகிச்சையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகனுக்கு டி.எம்.டி. எனப்படும் டுஷேன் தசைச்சிதைவு நோய் இருப்பதாகத் தெரிந்தபின் மரபணு ஆலோசனைக்கு வரும் பெற்றோர், எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அரை மணி நேரத்தில் சொன்னவற்றில் பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுகிறது. அந்த நிலையில் இருக்கும் மனம் அப்படித்தான் இருக்கும். ஆகவே கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று அல்ல.

1. சத்தான சாப்பாடு கொடுத்தும் என் பையனுக்குக் கால் வலுவிழந்துகொண்டே போகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

தசை நார் ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் அதன் உறை இழுபடுகிறது. அந்த இழுவையைத் தாங்கிக்கொள்ள உறையின் உட்புறத்தில் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இருக்க வேண்டும். டி.எம்.டி. உள்ள பிள்ளைகளின் உடலில் அந்தப் புரதம் ஏறக்குறைய உருவாவதே இல்லை. அதனால் நடப்பது, படியேறுவது போன்ற சாதாரண அசைவுகளிலேயே நார்கள் கிழிகின்றன. உடல் அவற்றைச் சரிசெய்து சரிசெய்து ஒரு கட்டத்தில் தோற்றுப்போய், தசை இருந்த இடத்தில் கொழுப்பும் வடுவும் நிறைகின்றன. கெண்டைக்கால் பருத்துத் தெரிவதைப் பார்த்து வலுவான கால் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் அந்தக் கொழுப்புதான்.

உணவில் குறை இருந்ததால் வந்த நோய் அல்ல இது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 12 வயதை ஒட்டி நடக்கும் திறனை இழக்கிறார்கள். பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் பாதிக்கப்படுகின்றன.

2. எங்கள் இரண்டு பக்கத்திலும் யாருக்கும் இந்த நோய் இல்லையே. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா?

இல்லை. டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது தாயிடமிருந்து வருகிறது. அதில் பழுது இருந்தால் ஈடுசெய்ய இன்னொரு பிரதி கிடையாது. ஆகவே மாமன் மகளை மணந்தாலும் அயலாரை மணந்தாலும் டி.எம்.டி. வரும் வாய்ப்பில் மாற்றம் இல்லை. மேலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயின் இரத்தத்தில் பழுது எதுவும் காணப்படாமல், புதிதாகவே அது தோன்றியிருக்கிறது. தாயைக் குற்றவாளியாக்கிப் பேசும் உறவினருக்கு இதைத் தயங்காமல் சொல்லுங்கள். எந்தத் தாயும் தன் மரபணுவைத் தேர்ந்தெடுத்துப் பெறவில்லை.

ஆனால் இடுப்பு, தோள் தசைகளை முதலில் தாக்கும் வேறு வகைத் தசைச்சிதைவுகள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும். அந்த வகைகளில் நெருங்கிய உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. எனவே எந்த நோய் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும்.

3. சி.பி.கே. பதினைந்தாயிரம் வந்ததும் டாக்டர் டி.எம்.டி. என்று சொல்லிவிட்டார். பிறகு எதற்கு மரபணுப் பரிசோதனை?

சி.பி.கே. என்பது கிழிந்த தசையிலிருந்து இரத்தத்தில் கசியும் நொதி. தசை பெருமளவில் சேதமாகிறது என்பதை அது சொல்லும். சேதத்தின் காரணத்தைச் சொல்லாது. மரபணு சிகிச்சைகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பழுதுகளுக்கு மட்டுமே உரியவை என்பதால், எந்த எழுத்து எங்கே பிழைத்தது என்று தெரியாமல் ஓர் அடிகூட முன்வைக்க முடியாது. பொதுவாக முதலில் எம்.எல்.பி.ஏ. பரிசோதனை செய்வார்கள். மரபணுவின் ஒரு பகுதி விடுபட்டிருந்தாலோ இருமுறை வந்திருந்தாலோ அது காட்டிவிடும். பெரும்பான்மையான பிள்ளைகளுக்கு இதிலேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காதவர்களுக்கு மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய நொதிகள் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் உள்ளன. அவை கூடியிருப்பதைப் பார்த்துக் கல்லீரல் நோய் என்று எண்ணி, மாதக்கணக்கில் அதற்கே மருந்து கொடுத்த பிறகு எங்களிடம் வரும் பிள்ளைகள் உண்டு. ஜி.ஜி.டி. என்ற நொதி தசையிலிருந்து வராது; அது சரியான அளவில் இருந்து மற்ற இரண்டும் மட்டும் கூடியிருந்தால், சி.பி.கே.யைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

4. ரிப்போர்ட்டில் "48 முதல் 50 வரை எக்ஸான் இல்லை, அவுட் ஆஃப் ஃபிரேம்" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன?

டிஸ்ட்ரோபின் மரபணுவில் புரதத்துக்கான செய்தி 79 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தத் துண்டுகளின் பெயர்தான் எக்ஸான். செல் அவற்றை ஒட்டிச் சேர்த்து, மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். "தம்பி வந்து நல்ல பழம் உண்க" என்ற வரியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்றே எழுத்து. இதில் "நல்ல" என்ற சொல் முழுவதும் போனாலும் "தம்பி வந்து பழம் உண்க" என்று பொருள் நிற்கிறது. ஆனால் "து" என்ற ஓர் எழுத்து மட்டும் போய், மும்மூன்றாகவே தொடர்ந்து படித்தால் "தம்பி வந்ந ல்லப ழம்உ ண்க" என்றாகிவிடும். அந்த இடத்துக்குப் பிறகு எதுவுமே விளங்காது. செல் சற்றுத் தொலைவிலேயே படிப்பதை நிறுத்திவிடும், புரதமும் உருவாகாது.

விடுபட்ட எழுத்துகள் மூன்றின் மடங்காக இருந்தால் புரதம் குட்டையாகவேனும் உருவாகும். அதனால் வருவது பெரும்பாலும் பெக்கர் வகை என்ற மிதமான நோய். மடங்காக இல்லாவிட்டால் டுஷேன். அவுட் ஆஃப் ஃபிரேம் என்பது இந்த இரண்டாம் நிலையைத்தான் குறிக்கிறது. இதனால்தான், 48 முதல் 50 வரை இல்லாத பிள்ளையைவிட, 51ஐயும் சேர்த்து இழந்த பிள்ளையின் நோய் பெரும்பாலும் மிதமாக இருக்கிறது. அதிகம் இழந்தவனுக்குக் குறைவான நோய் என்பது முரணாகத் தோன்றினாலும், எண்ணிக்கையைவிட ஒழுங்குதான் இங்கே முக்கியம்.

5. எக்ஸானைத் தாண்டிப் படிக்கவைக்கும் ஊசி இருக்கிறதாமே. அதைப் போட்டால் பையன் குணமாகிவிடுவானா?

மேலே சொன்ன எடுத்துக்காட்டையே தொடர்வோம். "து" போன வரியில், அடுத்த இரண்டு எழுத்துகளான "நல்" என்பதையும் வேண்டுமென்றே மறைத்துவிட்டால் "தம்பி வந்ல பழம் உண்க" என்றாகிறது. ஒரு சொல் கெட்டாலும் மற்றவை மீண்டுவிட்டன. மரபணுவை மாற்றாமல், அதிலிருந்து படியெடுத்த செய்தியில் ஓர் எக்ஸானை இப்படி மறைப்பதே இந்த மருந்துகளின் வேலை. எக்ஸான் 51க்கான எடெப்லிர்சென் 2016இலும், 53க்கான கோலோடிர்சென் 2019இலும், வில்டோலார்சென் 2020இலும், 45க்கான காசிமெர்சென் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எக்ஸான் 51 மருந்து ஏறத்தாழ 13 சதவீதப் பிள்ளைகளுக்கும், 53க்கும் 45க்கும் உரியவை தலா 8 சதவீதத்தினருக்கும் பொருந்தும்.

குணமாகிவிடுவானா என்றால், இல்லை. டுஷேன் நோயைப் பெக்கர் நோயின் பக்கம் சற்று நகர்த்துவதே நோக்கம், அந்த நகர்வும் இதுவரை சிறியது. எடெப்லிர்சென் அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், 48 வாரங்களுக்குப் பின் டிஸ்ட்ரோபின் அளவு இயல்பானதில் சராசரியாக 0.44 சதவீதமாக இருந்தது. தொடக்கத்தில் அது 0.16. வில்டோலார்சென் 6 சதவீதத்தை நெருங்கியது. ஆனால் 2024இல் அதன் உறுதிப்படுத்தும் சோதனை, வெற்று மருந்து பெற்ற பிள்ளைகளைவிடத் தெளிவான முன்னேற்றத்தைக் காட்டத் தவறியது. இந்த மருந்துகளை வாரந்தோறும் இரத்தக் குழாய் வழியாக, வாழ்நாள் முழுவதும் ஏற்ற வேண்டும். இதயத் தசைக்குள் இந்த வகை மருந்துகள் போதிய அளவு நுழைவதுமில்லை. தசைக்குள் எளிதாகப் புகும்படி வடிவமைத்த அடுத்த தலைமுறை மருந்துகள் இப்போது சோதனையில் உள்ளன. என் எதிர்பார்ப்பு அவற்றின் மீதுதான்.

6. ஊரெல்லாம் பணம் திரட்டி ஒரு குழந்தைக்கு 16 கோடி ரூபாய் ஊசி போட்டார்களே. அதே ஊசியை என் மகனுக்கும் போடலாமா?

போட முடியாது, அது வேறு நோய்க்கான மருந்து. அந்தக் குழந்தைகளுக்கு இருப்பது எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைநலிவு. அங்கே பழுதாவது தசையை இயக்கும் நரம்பு செல். தசை அதன் விளைவாக நலிகிறது. 2019இல் அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக அனுமதி பெற்ற ஸோல்ஜென்ஸ்மா, அந்த நோயில் குறைவுபட்ட எஸ்.எம்.என்.1 மரபணுவின் முழுப் பிரதியை ஒரு வைரஸில் ஏற்றிக் கொண்டுபோகிறது. டிஸ்ட்ரோபினுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தக் குழப்பத்தால் தவறான ஊசிக்காக நிதி திரட்டத் தொடங்கிய குடும்பங்களும் உண்டு. யாரிடமும் கைநீட்டும் முன் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் எழுதி, ஒரு மரபணு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

7. அந்த நோய்க்கு முழு மரபணுவைக் கொடுக்க முடிகிறது என்றால், டி.எம்.டி.க்கும் அப்படியே கொடுத்தால் என்ன?

இடமில்லை. மரபணுவைச் சுமந்து செல்ல ஏ.ஏ.வி. என்ற, மனிதருக்கு நோய் தராத ஒரு சிறிய வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் ஏறத்தாழ 4,700 எழுத்துகள்தாம் அடங்கும். எஸ்.எம்.என். புரதத்துக்கான செய்தி 900 எழுத்துக்கும் குறைவு. டிஸ்ட்ரோபினுக்கோ 11,000 எழுத்துகள் வேண்டும்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வழிகாட்டியவர் ஒரு நோயாளிதான். டிஸ்ட்ரோபின் மரபணுவின் செய்தியில் 46 சதவீதத்தை இழந்தும், 61 வயதில் நடமாடிக்கொண்டிருந்த ஒரு பெக்கர் நோயாளியைப் பற்றிய ஆய்வு 1990இல் வெளியானது. புரதத்தின் நடுப்பகுதி பெருமளவு போனாலும், உறையையும் உட்சட்டகத்தையும் பிடித்துக்கொள்ளும் இரு முனைகள் இருந்தால் தசை தாக்குப்பிடிக்கும் என்பதை அது உணர்த்தியது. அந்தத் துணிவில், முக்கியப் பகுதிகளை மட்டும் ஒட்டிச் சேர்த்து ஆய்வகத்தில் உருவாக்கியதே மைக்ரோ டிஸ்ட்ரோபின். ஆனால் அந்த நோயாளியின் புரதம் இயல்பானதில் பாதிக்கு மேல் இருந்தது. மைக்ரோ டிஸ்ட்ரோபின் அதைவிட மிகவும் சிறியது. அதுவும் அதே அளவு தாங்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

8. அமெரிக்காவில் அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் அந்த மருந்து வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

அனுமதியிலும் வகைகள் உண்டு. சரெப்டா நிறுவனத்தின் எலவிடிஸ் என்ற மைக்ரோ டிஸ்ட்ரோபின் சிகிச்சைக்கு 2023 ஜூனில், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு விரைவு அனுமதி கிடைத்தது. தசையில் அந்தக் குறும்புரதம் உருவாகிறது என்பதே அதற்கு அடிப்படை. பிள்ளை நன்றாக நடக்கிறான் என்பது அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை. நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள 125 சிறுவர்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. ஓராண்டின் முடிவில், 34 மதிப்பெண் கொண்ட இயக்க அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.65 மதிப்பெண் மட்டுமே. புள்ளியியலின்படி அது தற்செயலாகவும் இருக்கக் கூடியது. தரையிலிருந்து எழ எடுக்கும் நேரம், பத்து மீட்டர் நடக்க எடுக்கும் நேரம் போன்ற துணை அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது.

அந்தத் துணை அளவுகளை ஏற்றுக்கொண்டு 2024இல் அமெரிக்கா அனுமதியை விரிவாக்கியது. ஐரோப்பிய மருந்து முகமையின் வல்லுநர் குழுவோ, 2025 ஜூலையில், அனுமதி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஒரே தரவைப் பார்த்து இரு தரப்பு வல்லுநர்கள் இரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இருக்கலாம், ஆனால் அது பெற்றோர் கனவு காணும் அளவுக்கு இல்லை என்பதே தரவிலிருந்து நான் புரிந்துகொண்டது.

9. ஊசி போட்ட பிள்ளைகள் இறந்துபோனதாகச் செய்தியில் பார்த்தோம். உண்மையா?

உண்மைதான். எலவிடிஸ் பெற்றவர்களில், நடக்கும் திறனை முன்பே இழந்திருந்த இரு பதின்வயதுச் சிறுவர்கள் 2025இல் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். மருந்தின் அளவு உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிடப்படுகிறது. ஒரு கிலோவுக்கு 133 லட்சம் கோடி வைரஸ் துகள்கள். பெரிய பையனுக்குச் செலுத்தும் மொத்த அளவு மிகப் பெரிது, அதில் கணிசமான பங்கு கல்லீரலுக்குத்தான் போய்ச் சேர்கிறது. இதன் பின் நடக்க இயலாதவர்களுக்கான அனுமதி நீக்கப்பட்டு, 2025 நவம்பரில் மிகக் கடுமையான எச்சரிக்கை மருந்தின் குறிப்பில் சேர்க்கப்பட்டது. ஃபைசர் நிறுவனம் சோதித்த வேறொரு மைக்ரோ டிஸ்ட்ரோபின் சிகிச்சையிலும் 2021இல் ஒருவரும் 2024இல் ஒரு சிறுவனும் இறந்தனர்; இறுதிக்கட்டச் சோதனையும் பலன் காட்டாததால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. மரபணுவின் தொடக்கப் பகுதியை இழந்த சிலருக்கு, உடல் இதற்கு முன் பார்த்தேயிராத அந்தப் புரதத்தையே எதிரியாக எண்ணித் தசையைத் தாக்குகிறது. எக்ஸான் 8 அல்லது 9 இல்லாதவர்களுக்கு எலவிடிஸ் தரக் கூடாது. மூன்றாம் கேள்வியில் மரபணுப் பரிசோதனையை அவ்வளவு வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம். ஊசிக்குப் பின் முதல் மூன்று மாதம் வாரந்தோறும் கல்லீரலைச் சோதிக்கும்போது ஜி.ஜி.டி.யையும் பார்ப்பது ஏன் என்பதும் அந்த விடையிலேயே இருக்கிறது.

10. ஒரே ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுவதும் போதுமா? பின்னால் இன்னும் நல்ல மருந்து வந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாமா?

ஒரு முறைதான் போட முடியும். ஊசி போட்டதும் உடல் அந்த வைரஸுக்கு எதிராக ஏராளமான எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடும். இரண்டாம் முறை செலுத்தினால் அது தசையை அடையும் முன்பே அழிக்கப்படும், ஒவ்வாமை ஆபத்தும் உண்டு. இயற்கையாகவே இவ்வகை வைரஸைச் சந்தித்து எதிர்ப்பொருள் பெற்றிருக்கும் பிள்ளைகள் முதல் ஊசிக்கே தகுதி பெறாமல் போகிறார்கள். கொண்டுபோன மரபணு பெரும்பாலும் நம் குரோமோசோமோடு இணையாமல் தனித்தே நிற்பதால், தசை வளர்ந்தும் சிதைந்தும் புதுப்பிக்கப்படும்போது அது படிப்படியாகக் குறையக் கூடும்.

ஆகவே இன்று ஒரு சிகிச்சையை ஏற்பது, அதே வகை வைரஸில் நாளை வரக் கூடிய சிகிச்சையை மறுப்பதாகவும் ஆகலாம். காத்திருந்தாலோ தசை குறைந்துகொண்டே போகும். போன தசையை எந்த மரபணுவும் மீட்டுத் தராது. பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான். எல்லாருக்கும் பொருந்தும் விடை இதற்கு இல்லை. பிள்ளையின் வயது, எடை, பழுதின் இடம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் பேச வேண்டும்.

11. கிரிஸ்பர் முறையில் பிழையையே வெட்டித் திருத்திவிட முடியாதா?

கிரிஸ்பர் என்பது மரபணுவில் குறிப்பிட்ட இடத்தைத் தேடிச் சென்று மாற்றும் கருவி. எலிகளிலும் 2018இல் நாய்களிலும் டிஸ்ட்ரோபினை இம்முறையில் மீட்டிருக்கிறார்கள். மனிதரில் 2022இல், 27 வயது நோயாளி ஒருவருக்கென்றே வடிவமைத்த கிரிஸ்பர் சிகிச்சை அமெரிக்காவில் அளிக்கப்பட்டது. எட்டாம் நாள் அவர் இறந்தார். காரணம் கிரிஸ்பர் கருவி அல்ல, அதைச் சுமந்த வைரஸின் பெரும் அளவுக்கு உடல் காட்டிய எதிர்வினை என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். ஒன்பதாம் விடையில் பார்த்த அதே தடைதான். கருவி எதுவானாலும், உடல் முழுக்க உள்ள தசைக்குப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கும் வண்டி வேண்டும்.

12. மரபணு மருந்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். ஸ்டீராய்டையும் பிசியோதெரபியையும் அதுவரை நிறுத்தி வைக்கலாமா?

கூடவே கூடாது. பிரெட்னிசோலோன் அல்லது டெஃப்லசகார்ட் என்ற ஸ்டீராய்டு நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிப்பதாகப் பல ஆண்டுத் தரவுகள் காட்டுகின்றன. சோதனைகளில் சேரும் பிள்ளைகளும் பொதுவாக ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்களே. நெடுநாள் எடுத்ததைத் திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். குதிகால் இறுகாமல் தினமும் நீட்டிவிடுவது, ஆண்டுதோறும் எக்கோ எனப்படும் இதய ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை ஆகியவற்றைத் தொடருங்கள். அறுவை எதற்கேனும் போனால், சக்சினைல்கோலின் என்ற மருந்து ஆகாது என்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

13. ஸ்டெம் செல் ஏற்றினால் தசை வளர்ந்துவிடும் என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். சில லட்சம்தான் ஆகுமாம்.

அது மரபணு சிகிச்சை அல்ல. தசைச்சிதைவுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை இந்தியாவில் இல்லை. முறையான சோதனைக்கு வெளியே அதை விற்பது நெறியற்றது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின் நிலைப்பாடு. உண்மையான மருந்துச் சோதனை என்றால் அது இந்தியச் சோதனைப் பதிவேட்டில் இருக்கும், சோதனை மருந்துக்குப் பணம் கேட்க மாட்டார்கள். நகையை விற்றுப் பணம் கட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே நிலையில் பிள்ளையைத் தூக்கி வந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அங்கே போகாதீர்கள்.

14. அரசு உதவி கிடைக்குமா?

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் டி.எம்.டி. இடம்பெற்றிருக்கிறது, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி உண்டு. எலவிடிஸின் அறிவிக்கப்பட்ட விலை 32 லட்சம் டாலர். இரண்டுக்கும் உள்ள தொலைவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனாலும் பதிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகள், என்னென்ன பழுது என்ற கணக்கு இல்லாமல் இங்கே சோதனைகளும் வராது, விலை பேசவும் முடியாது.

15. மகளுக்கு நோய் இல்லை. அவளையும் சோதிக்க வேண்டுமா? எங்களுக்கு இன்னொரு குழந்தை பெறலாமா?

தாயிடம் பழுது இருந்தால், மகளுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பழுதைச் சுமக்கும் பெண்கள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் சிலருக்கு நடுவயதில் இதயத் தசை பலவீனமாகலாம், ஆகவே எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுமியாக இருந்தால், வளர்ந்து தானே முடிவெடுக்கும் வயதில் சோதிப்பது நல்லது.

அடுத்த கருவுக்கு முன்பே ஆலோசனைக்கு வாருங்கள். தாயின் இரத்தத்தில் பழுது இல்லாவிட்டாலும் கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் இருக்கக் கூடும் என்பதால், மகனின் பழுது தெரிந்திருந்தால் 11 வாரத்திலிருந்து கருவைச் சோதிக்கலாம். மரபணு நோய்க்காகப் பதிவுபெற்ற மையத்தில் செய்யும் இச்சோதனையைச் சட்டம் அனுமதிக்கிறது.

16. பதினான்கு வயது மகன் "எனக்கு எந்தச் சோதனையும் வேண்டாம்" என்கிறான். பெற்றவர்கள் நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதாதா?

போதாது. ஆராய்ச்சி நெறிமுறையின்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் கேட்டாக வேண்டும்; பன்னிரண்டைக் கடந்தவனிடம் அதை எழுத்திலேயே பெற வேண்டும். அவன் மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். இறந்த சிறுவர்களைப் பற்றி நீங்கள் படிக்கும் முன்பே அவன் கைப்பேசியில் படித்திருப்பான். தசைத்துண்டு எடுக்கும் பயாப்சியை எண்ணி அஞ்சலாம். பள்ளியையும் நண்பர்களையும் விட்டு மாதக்கணக்கில் வேறு ஊரில் இருக்க வேண்டுமே என்று வருந்தலாம்.

ஒப்புதல் படிவத்தைச் சில நாள் முன்பே கேட்டு வாங்கி, அவனோடு உட்கார்ந்து படியுங்கள். ஐயங்களை அவனே எழுதி எடுத்துவரட்டும்; நீங்கள் வெளியே காத்திருக்க, அவன் மருத்துவரிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசட்டும்.